குடையாத இடம்

தலையைக் குனிந்து நடக்கிறவர்களை அடக்கமானவர்கள் என்று நம் ஜனங்கள் மெச்சிக்கொள்வார்கள். அவர் குனிந்து நடந்ததற்கும் அடக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த அடி வைக்கப்போகிற இடத்தில் பூமி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடந்தார். எதிரில் வருகிற ஆளின் முகம் அவருக்குத் தெரியாது, செருப்புதான் தெரியும். எதிர்வீட்டில் இருந்த என்னை ஆறு மாதம் நீலச் செருப்பாகத்தான் அவர் அறிந்துவைத்திருந்தார். புதுச் செருப்பு வாங்கிய அன்று வழக்கம்போல வணக்கம் சொன்னேன். "யாரும்மா, ஊருக்குப் புதுசா?" என்றார்.

தங்கச் சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆனபின் அவர் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் பகுதிக்குக் குடிவந்தார். திருச்சிப் பக்கத்துக்காரர். மண் அள்ளுகிற, மலை வழிக்கிற பெரிய வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து எங்கள் ஊருக்கு வந்தவர். வண்டியின் முன்னால் இருக்கும் இரும்புத் தகடு ஒழுங்காக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஓய்வு பெற்றதும் தொழிற்சாலை கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரே தோட்டத்தோடு இருந்த ஓட்டு வீட்டை வாங்கினார். மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆன்ட்டி என்றால் அந்த அம்மாவுக்குப் பிடிக்காது.

வாங்கிய பிறகுதான் வீட்டுக்குக் கீழே குடைந்திருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. முப்பது வருஷம் இதே ஊரில் குப்பை கொட்டியவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஊருக்குக் கீழே குடைந்திருக்கிறார்கள் என்று தெரியும். தனக்குக் கீழே என்றுதான் தெரியாது. எல்லாருக்கும் சாவு உண்டு என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள் தங்களை மட்டும் அந்த எல்லாரில் சேர்ப்பதில்லையே, அந்த மாதிரி.

அன்றிலிருந்து ரசமட்டமும் கையுமாகத் திரிந்தார். கொத்தனார் வைத்திருப்பாரே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு குமிழியும் உள்ள கட்டை, அதுதான். காலையில் பல் துலக்குவதற்கு முன் வீட்டின் நாலு மூலையிலும் அதை வைத்துக் குனிந்து பார்ப்பார். குமிழி ஒரு மயிரிழை நகர்ந்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஹாலில் ஊஞ்சலுக்காக அடித்திருந்த கொக்கியில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டிருந்தார். அதற்கு நேர் கீழே தரையில் பென்சிலால் ஒரு புள்ளி. குண்டு புள்ளியை விட்டு விலகினால் வீடு சாய்கிறது என்று அர்த்தமாம்.

"எல்லார் வீட்டு ஹால்லயும் ஊஞ்சல் தொங்கும். எங்க வீட்டுல குண்டு தொங்குது பாரு" என்பார் அக்கா. கூட்டும்போது துடைப்பம் பட்டுக் குண்டு ஆடினால்கூட அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

எங்கள் ஜனங்களுக்கு இதைவிடப் பெரிய கேளிக்கை கிடைக்குமா? ரசமட்டம் சார் என்று பெயர் வைத்தார்கள். இதில் முதல் ஆள் என் அப்பா. அப்பா முப்பது வருஷம் பூமிக்குக் கீழே பாறையில் துளை போடும் மிஷின் ஓட்டியவர். சுரங்கம் மூடியபோது அவரோடு வீட்டுக்கு வந்தது நெஞ்சு நிறையக் கல்தூள்தான். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். ஆனாலும் தெருமுனை டீக்கடைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவார். அங்கே பெஞ்சில் அவரைப் போலவே இன்னும் இரண்டு பழைய ஆட்கள் இருப்பார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு வேண்டிய மூச்சுதான் இருந்தது. அதையும் அடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பதற்குச் செலவழித்தார்கள்.

அந்தப் பெஞ்சைத் தேடித்தான் ரசமட்டம் சார் வந்தார்.

"நீங்கள்லாம் கீழ வேலை பார்த்தவங்க. என் வீட்டுக்கு நேர் கீழ என்ன இருக்குன்னு தெரியுமா?"

அப்பா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "ஒண்ணுமே இல்ல சார். அதான் இருக்குது."

பெஞ்சு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போய், கால்களை அகட்டி அகட்டி வைத்து வீட்டுக்குத் திரும்பினார்.

ராபர்ட்சன்பேட்டையில் ஓர் அலுவலகத்துக்கும் மனு எடுத்துக்கொண்டு போனார். தன் வீட்டுக்கு அடியில் தரை கெட்டியாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய பழைய ஷாஃப்ட் குழி பக்கமாக பஸ் போகும் என்பதால் ஆட்டோ பிடித்துச் சுற்றிக்கொண்டு போனார். அங்கே இருந்த குமாஸ்தா கன்னடக்காரர், எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்ததால் தமிழும் வாயில் வரும். மனுவை இரண்டு தடவை படித்துவிட்டு, "சார், பொறந்ததுக்குக் கொடுப்போம். செத்ததுக்குக் கொடுப்போம். நடுவுல இருக்கறதுக்கு நாங்க கேரண்டி கொடுக்கறதில்ல" என்றாராம். அக்காதான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவரோ குமாஸ்தா ஏதோ மறைக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

நான் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, உங்க மெஷின் எவ்வளவு ஆழம் வரைக்கும் காட்டும்?"

"எதுக்கு சார்?"

"தரையை ஒரு படம் எடுக்க முடியுமான்னுதான்."

"படம் எடுக்கணும்னா மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லணும் சார். உங்க தரை சொன்னாக் கேக்குமா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அது மூச்சு விடுதோன்னுதான் எனக்கும் சந்தேகமா இருக்கு" என்றார். நான் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

அவர் வாயில் ஓயாமல் வருகிற இரண்டு வார்த்தை உண்டு: அது வேற. ஒரு நாள் பெஞ்சில் வந்து நின்றுகொண்டு, "பேராசை பிடிச்சுப் பூமியைப் பொத்தல் போட்டுட்டீங்க. அது சும்மா விடுமா?" என்று பழைய ஆட்களைத் திட்டினார். பேராசையாம். தங்கத்தில் ஒரு குண்டுமணி எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அப்பாவுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும்.

"நாங்க ஒரே ஊருல ஓட்ட போட்டோம் சார். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின வண்டிங்க எத்தினி ஊருல எத்தினி மலைய வழிச்சிருக்கும்? அத்த இன்னான்னு சொல்றது?"

"அது வேற" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர் ஒருவரா அதைச் சொல்கிறார்? ஏரியைத் தூர்த்து மனை போட்டவனைக் கேளுங்கள், அது வேற என்பான். தண்ணீர் இல்லை தண்ணீர் இல்லை என்று குழாய்க்கிணற்றை இறக்கிக்கொண்டே போகிறவனைக் கேளுங்கள், அவனும் அதையே சொல்வான். பூமியை எல்லாரும் ஒரு கை பார்த்துவிட்டு, அது லேசாகப் புரண்டு படுத்தால் ஐயோ என்னைக் கொல்ல வருகிறது என்று அலறுகிறார்கள். கொல்ல வேண்டும் என்று அதற்கு என்ன வேண்டுதலா? நம்மைத் தெரிந்தாலல்லவா கொல்வதற்கு?

தோட்டத்தை அவர் நடத்திய விதத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். புல்லின் வேர் மண்ணைப் பிளக்கும் என்று தோட்டம் முழுக்க சிமென்ட் போட்டார். முருங்கையை வெட்டினார். அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்த கறிவேப்பிலைக் கன்றுக்கு மட்டும், மூன்று நாள் சண்டைக்குப் பிறகு, ஒரு சாண் வட்டம் விட்டார். எலி வளை, எறும்பு வளை, மழையில் விழுந்த பள்ளம், எது கண்ணில் பட்டாலும் சிமென்டைக் கரைத்து ஊற்றினார். வேலியோரத்தில் இருந்த பாம்புப் புற்றையும் விடவில்லை. அது எங்கள் லைன் பெண்கள் ஆடி வெள்ளிக்குப் பால் ஊற்றுகிற புற்று. கூட்டமாகச் சண்டைக்குப் போனார்கள். என் அம்மாதான் முன்னால்.

"புத்துல போயி சிமிட்டி ஊத்திக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

"அது ஓட்டைம்மா. எங்க போய் முடியுதுன்னு யாருக்குத் தெரியும்?"

அம்மா வீட்டுக்கு வந்து பொருமித் தள்ளினாள். எனக்கு இரண்டு கட்சி மேலும் இரக்கம் வரவில்லை. பாம்பு பால் குடிக்காது. மேலேயிருந்து பாலை ஊற்றினாலும் சிமென்டை ஊற்றினாலும் உள்ளே இருக்கிற ஜீவனுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும். இவர்கள் பயந்து கும்பிட்டார்கள், அவர் பயந்து அடைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஊர்த் தரை எப்போதாவது அதிரும். கீழே அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். அதை பர்ஸ்ட் என்போம். சுரங்கம் ஓடிய காலத்தில் பர்ஸ்ட் சத்தம் கேட்டால் பெண்கள் போட்டது போட்டபடி ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள், யார் மேலே வருகிறார்கள், யார் வரவில்லை என்று பார்க்க. சுரங்கம் மூடி உள்ளே தண்ணீர் ஏறிய பிறகும் அதிர்ச்சி முழுதாக நிற்கவில்லை. ஆனால் இப்போது கீழே நம் ஆள் யாரும் இல்லை. அதனால் பர்ஸ்ட் வந்தால் கையில் இருக்கிற டீ ததும்பாமல் பிடித்துக்கொள்வோம், பிறகு குடிப்போம்.

அவர் வந்த முதல் மழைக்காலத்தில், ஒரு மத்தியானம், தொம்மென்று ஒன்று வந்தது. ஓடுகள் கலகலத்தன. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் நடுத்தெருவில் நின்றார். இடுப்பில் லுங்கி, கையில் ரசமட்டம். உள்ளே குளித்துக்கொண்டிருந்த மனைவியை மறந்துவிட்டார். அக்கா அரக்கப் பரக்க நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் சோப்பு நுரையோடு வெளியே வந்தார்.

"ரசமட்டத்தை எடுத்துட்டு வரத் தெரிஞ்சுது. நான் உள்ள இருக்கேனே, அது தெரியலையா?"

அவர் குனிந்து, ரசமட்டத்தைத் தார் ரோட்டில் வைத்துக் குமிழியைப் பார்த்தார். தெருவே காறித் துப்பாத குறை. சாகப் பயப்படுவது குற்றமில்லை, யாருக்குத்தான் பயமில்லை? ஆனால் கூட வாழ்கிறவளைவிட ஒரு குமிழியை நம்புகிற பயம் கேவலம் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் எனக்கு வார விடுமுறை. அப்பாவைக் கூட்டி வர டீக்கடைக்குப் போயிருந்தேன். ரசமட்டம் சார் அங்கே வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இந்த ஊர்ல குடையாத இடம்னு ஒண்ணாவது இருக்கா? ஒரே ஒரு இடம் சொல்லுங்க, போதும்."

அப்பா சிரிக்காமல் கையை நீட்டிக் காட்டினார். "அதோ, சைனைடு மேடு."

பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைத்த தண்ணீரில் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டி வைத்த குன்றுகளுக்குத்தான் அந்தப் பெயர். எங்கள் ஊரைச் சுற்றிலும் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அந்த மாவு எழுந்து வந்து சோற்றில் விழும். அங்கே போகாதே என்பதுதான் எங்கள் லைனில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். சினிமாக்காரர்கள் மட்டும் வந்து அதன்மேல் பாட்டுக்கு ஆடிவிட்டுப் போவார்கள். தொழிற்சாலைக் குடியிருப்பில் முப்பது வருஷம் இருந்தவருக்கும் அது தூரத்தில் தெரிகிற ஒரு மலைதான்.

"கீழ இருந்து எட்த்து வெளிய கொட்டுனது சார் அது. கொட்டுன மண்ணுக்கு அடியில போயி எவனாவது கொடைவானா? பர்ஸ்ட் வந்தாக்கூட அங்க உங்களுக்குத் தெரியாது. மெத்த மாதிரி தாங்கிக்கும்" என்றார் அப்பா. மற்ற இருவரும் டீ கிளாசுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் போவார், உடம்பெல்லாம் புழுதியோடு திட்டிக்கொண்டே திரும்பி வருவார், அதை வைத்து ஒரு வாரம் சிரிக்கலாம் என்பதுதான் அப்பாவின் எண்ணம். அவரோ மறுநாள் காலை இரண்டு மடக்கு நாற்காலி, ஒரு பிளாஸ்க் காபி, மனைவி எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போனார். மேட்டின் சரிவில் நாற்காலியைப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூச்சுப் பயிற்சி செய்தார். டிவியில் யாரோ சொன்னார்களாம், ஆழமாக மூச்சு இழுத்தால் ஆயுள் கூடும் என்று. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிற இடத்தில் இருவரும் உட்கார்ந்து இழு, பிடி, விடு என்று எண்ணினார்கள். மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

அப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்து கண்ணில் தண்ணீர் விட்டார். நான் மட்டும் யோக்கியமா? காலை ரயிலில் என் கூட வருகிறவர்களுக்கு அதை நடித்தே காட்டினேன். கண்ணை மூடி, நெஞ்சை நிமிர்த்தி, சைனைடு மேட்டில் ஆயுளை இழுக்கிற ரசமட்டம் சார். பங்காருப்பேட்டை வரும்வரை பெட்டி முழுக்கச் சிரித்தது. தினமும் நெஞ்சுப் படம் எடுக்கிற கை என்னுடையது. தூசி உள்ளே போய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் நடித்தேன்.

மூன்று வருஷம் போனது. அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. பை நிறைய மாத்திரையும் ஒரு மருந்து பம்ப்பும் எப்போதும் கூடவே இருக்கும். மூன்றாவது வருஷம் வாசல் படி ஏறுவதற்கே நின்று நின்று ஏறினார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி நானே படம் எடுத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இவங்களைத் தூசி பக்கமே விடாதீங்க" என்றார்.

ரசமட்டம் சார் அந்த வார்த்தையை அப்படியே வேதமாக எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு ஒட்டினார். துடைப்பத்தைத் தூக்கி எறிந்தார். "தரை அதிர்ந்து அதிர்ந்து சுவரெல்லாம் உதிருது. வீட்டுக்குள்ளதான் தூசி. இனிமே காலையில ஒரு மணி நேரம் பத்தாது, ரெண்டு மணி நேரம் அங்க உட்காரணும்" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், அந்த மேடே தூசிதான். அக்காவ அங்க கூட்டிட்டுப் போகாதீங்க."

"அது வேற. அது கெட்டிப்பட்ட மண்ணு."

"சார், நான் படத்தப் பாத்தேன்."

"நீ படம் எடுக்கிற பொண்ணு. உங்கப்பா முப்பது வருஷம் கீழ இருந்தவர். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

நேராக வீட்டுக்குப் போனேன். அப்பா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீதாம்பா சொல்லணும். நீ சொன்னாத்தான் கேப்பாரு. வெளாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடு."

"மூணு வருசம் கழிச்சியா? எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போயி சொல்றது? மனுசன் இன்னான்னு நெனப்பாரு?"

"அக்காவோட நெஞ்சுப் படத்தப் பாத்தேம்பா."

"எம் படத்தயுந்தான் பாத்த" என்று சொல்லி அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்கு அப்பாவின் மேல் வந்த வெறுப்பு அதற்கு முன் யார் மேலும் வந்ததில்லை. முப்பது வருஷம் தினமும் கூண்டில் ஏறி இருட்டுக்குள் இறங்கப் பயப்படாதவர், எதிர்வீட்டுக்கு நாற்பதடி நடந்துபோய் ஒரு வார்த்தை சொல்லப் பயந்தார். பயந்தாங்கொள்ளி என்று ஊரே சிரித்த மனிதருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டேன்.

சார் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து அக்காவிடமே போனேன். பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார். தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா விளையாட்டுக்குச் சொன்னது உட்பட.

"தெரியும்மா. மூணு வருஷமா அவர் சட்டையை நான்தானே அலசறேன். வாளித் தண்ணி எப்படி ஆகுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா.

"அப்புறம் ஏன்க்கா போறீங்க?"

துணியைப் பிழிந்து கயிற்றில் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டார். "வீட்டுல இருந்தா நாள் முழுக்கத் தரையையே பார்த்துட்டிருப்பார். அங்க போய் உட்கார்ந்தாத்தான் பயம் விட்டுப்போய் என் மூஞ்சியைப் பார்ப்பார். படிச்ச காலத்துக் கதையெல்லாம் சொல்வார். அன்னைக்கு என்னை உள்ள விட்டுட்டு ஓடினாரே, அதுக்கு அங்க வெச்சுத்தான் அழுதார். வீட்டுக்குள்ள அழறதுக்குக்கூட அவருக்குத் தைரியம் கிடையாது."

"உயிர் போயிடும்க்கா."

"போகட்டும்னு சொல்லலை. ஆனா காலையில அந்த ஒரு மணி நேரம்தான் நான் ஒருத்தரோட வாழற மாதிரி இருக்கு. அதை எப்படி வேண்டாம்னு சொல்றது, சொல்லு?"

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அக்காவுக்கே தெரிந்திருக்கிறது, இனி நாம் சொல்ல என்ன இருக்கிறது என்று கையைக் கழுவிக்கொண்டேன்.

அடுத்த ஆடிக் காற்றில் அக்கா போய்விட்டார். பட்டப்பகலில், கையில் பம்ப் இருக்கும்போதே. மூச்சுத்திணறல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எதனால் என்று எழுதவில்லை. சின்ன வயதிலிருந்து இழுப்பு உள்ளவர், அந்த மேட்டுப் பக்கம் போகாமல் இருந்திருந்தாலும் போயிருக்கலாம். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நிச்சயமாகத் தெரியாதது எங்களுக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் எங்கள் வாசல்படி மிதித்ததில்லை. அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கேள்வி கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்கட்டும், நாலு வார்த்தை திட்டட்டும், இதோடு தீரட்டும் என்றும் இருந்தது.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்" என்றார் அவர்.

அப்பா நகர்ந்து உட்கார்ந்து கட்டிலில் இடம் விட்டார்.

"சின்ன வயசிலேர்ந்து இழுப்பு அவளுக்கு. இவ்வளவு நாள் இருந்ததே பெரிசுன்னு எங்க சொந்தக்காரங்க எல்லாரும் சொல்றாங்க. நீங்க காட்டின இடம்தான் காரணம். இந்த மூணு வருஷம் நீங்க கொடுத்தது சார்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"பையன் பெங்களூருக்குக் கூப்பிடறான். பத்தாவது மாடி. மாசக் கடைசியில கிளம்பறேன். அதுவரைக்கும் காலையில அங்க போய்த் தனியா உட்கார முடியலை. பக்கத்துல நாற்காலி காலியா இருக்கு. நீங்க வர்றீங்களா? உங்களுக்கும் மூச்சு வாங்குதே. எங்களுக்கு இடம் காட்டினவர், நீங்க ஒரு நாள்கூட வந்து உட்காரலையே."

இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

"வர்றேன் சார்" என்றார் அப்பா.

மறுநாள் இருவரும் போனார்கள். எனக்கு மனசு கேட்காமல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வழியில் அப்பா ஏழெட்டு இடத்தில் நின்றார். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. மேட்டின் சரிவிலிருந்து மாவு சாரை சாரையாக இறங்கியது. சார் தன் தோளில் இருந்த துண்டால் அக்காவின் நாற்காலியைத் துடைத்து, அப்பாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நிமிர்ந்து உட்காருங்க. கண்ணை மூடிக்குங்க. நல்லா ஆழமா இழுங்க."

அப்பா இழுத்தார். பிடிக்க முடியாமல் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. நான் ஓடினேன். அதற்குள் அவரே அப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல அப்படித்தான் இருக்கும். அவளுக்கும் இருந்துது. பழகிடும். எங்க, இன்னொரு தடவை இழுங்க."

அப்பா என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையால் ஜாடை காட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவினார். தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. துண்டைக் கொடுத்தேன்.

"சொன்னியாப்பா?"

"இல்ல."

"எப்பச் சொல்வ?"

அப்பா முகத்தைத் துடைத்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கும் வரச் சொல்லிக்கிறாரு. மாசக் கடைசி வரைக்குந்தான? போயிட்டு வந்துடறேன்" என்றார்.

மாசக் கடைசிக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.